கவிழ மாட்டேன் என்கிற அம்பாசிடர்

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த வியாழன், 1996

மிகுந்த மரியாதைக்குரிய அருட்தந்தை ரெமிஜியஸ் அவர்களுக்கு,

தங்கள் மூத்த சகோதரி அல்போன்சா தியோடர் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் எனக்கு மூட்டுவலி வழக்கமான அளவிலும், ரத்த அழுத்தம் டாக்டர் முகத்தைச் சுளிக்கும் அளவிலும் இருக்கிறது. தங்கள் பங்குக் கோயில் மக்கள் அனைவரும் சுகமா? தாங்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டீர்களா? புத்தாண்டுக்கு வந்திருந்தபோது ரோஸ் குக்கீஸ் டப்பாவைக் காலி செய்தது யார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. தாங்கள் மறந்து விட்டுப்போன கம்பளிச் சட்டையைத் துவைத்து, இல்லாத பொத்தானைத் தைத்து, மடித்து வைத்திருக்கிறேன்.

இத்துடன் தங்கள் அங்கிக்குச் செலுத்த வேண்டிய மரியாதை முடிந்தது. இனி எழுதுவது என் தம்பி ரெமிக்கு.

டேய் ரெமி, கொடுத்த ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

பதற்றத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். கான்வென்ட்டில் இப்படி ஒரு கட்டுரை எழுதியிருந்தால் சிஸ்டர் அதை இரண்டாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்திருப்பார்கள். ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அத்தான் உயிரைப் போல் வைத்திருந்த அம்பாசிடரை, அவர் போன பிறகு ஷெட்டில் போர்த்தி வைத்திருந்தேன். "பழைய கார் ஒண்ணு கேக்கறாங்க மம்மி, சினிமாவுக்கு. ஒரே ஒரு சீன்தான்" என்று ஜூலியா சொன்னபோது, கதாநாயகி அம்மாவோடு கோயிலுக்குப் போகிற காட்சி என்று நானாக நினைத்துக்கொண்டேன். தவறு என்னுடையதுதான், கேள்வி கேட்காமல் நான் ஒப்புக்கொண்ட ஒரே காரியம் அது. அந்த ஒரே ஒரு சீன், கார் நொறுங்குகிற சீன். கதை என்னவென்றால், உலகம் முடிந்துவிட்டது. மழை இல்லை, தண்ணீர் இல்லை, பெட்ரோல் இல்லை. மிச்சமிருக்கிற மனிதர்கள் கோணிச் சாக்கும் தோலும் கட்டிக்கொண்டு, கடைசியாக இருக்கிற ஒரு கேன் பெட்ரோலுக்காகக் காரில் துரத்தித் துரத்திக் கொல்கிறார்கள். டைரக்டர் நரேஷ் என்கிற பையன், தொப்பியைத் திருப்பிப் போட்டிருப்பான். அவனிடம் நான் கேட்டேன்: "ஏம்ப்பா, பெட்ரோலே இல்லாத ஊர்ல, பெட்ரோலுக்காக இத்தனை வண்டி இத்தனை வேகத்துல ஓடுதே, அதுக்கெல்லாம் பெட்ரோல் எங்கிருந்து வருது? பேசாம நடந்து போய்ச் சண்டை போடலாமே?" அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, அதுதான் ஃபீல்" என்றான்.

இரண்டு வாரம் கழித்துக் காரைப் பார்க்க பொம்மனஹள்ளிக்கு அப்பால் இருக்கிற கைவிட்ட கல்குவாரிக்குக் கூட்டிப்போனார்கள். ரெமி, நான் அடையாளம் கண்டது நம்பர் பிளேட்டை வைத்துத்தான். கண்ணாடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளே குழாய் குழாயாகக் கூண்டு அடித்து, வெளியே தகரத்தை ஒட்டி, பானெட்டில் மாட்டு மண்டையோட்டைக் கட்டி, வாரா வாரம் அவர் மெழுகு போட்டுத் தேய்த்த பெயின்ட்டின் மேல் துரு வண்ணம் பூசியிருந்தார்கள். நிஜத் துரு வராமல் அவர் முப்பது வருஷம் பாடுபட்டார், இவர்கள் சம்பளம் கொடுத்துப் பொய்த் துரு வரவழைத்திருக்கிறார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்று: "பின் சீட்டு மேல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது." அந்த சீட்டில்தான் ஜூலியாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். அந்த சீட்டில்தான் ஏற்காடு போகும்போது நீ வாந்தி எடுத்தாய். நீ அப்போது செமினரியில் சேர்ந்த புதிது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கார் ஒரு பக்கமாகச் சாய, நான் "கவிழுது, கவிழுது" என்று கத்தி, இல்லாத பிரேக்கை என் பக்கத்திலிருந்து மிதித்துக்கொண்டே வந்ததும் உனக்கு நினைவிருக்கும். திரும்பி வந்ததும் அவர் காரை வொர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்துவந்து, "டயர்ல காத்து சரியில்ல, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அது எந்த வளைவிலும் ஆடியதில்லை. நானும் கத்தியதில்லை, அதாவது அவ்வளவாகக் கத்தியதில்லை. அப்படிப்பட்ட கார். அதை உருட்டி விடப் போகிறார்கள் என்று ஸ்டன்ட் மாஸ்டர் வெங்கடசாமி கை கட்டிக்கொண்டு சொன்னபோது நான் அழவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். அதை உருட்டப்போவது யார் என்று கேட்ட பிறகுதான் ஒரு நாற்காலி கேட்டேன்.

அதுவும் ஒரு கூத்துதான். இந்தப் படங்களில் கதாநாயகிக்காகக் காரில் விழுந்து எழுவது பெண் கிடையாதாம். விக் வைத்துக்கொண்ட ஆண். இந்தக் கதாநாயகிக்கு டூப் போடுவது சீனு என்கிற ஆள், நல்ல அடக்கமான மனிதன். ஆனால் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், ஒரு மண்டலத் தாடி. விரதத்தில் சவரம் செய்யக் கூடாது. மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார், "சாமி, ஒரு நாளைக்கு மட்டும்..." என்று. அவன் காதைப் பொத்திக்கொண்டான். தாடியோடு கதாநாயகியா? உலகம் முடிந்தாலும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே தன் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நம்முடைய காரைப் பின்தொடர்ந்து வந்திருந்த என் மகள், ரிச்மண்ட் டவுன் பெண்மணிகளுக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுத் தருகிற ஜூலியா, "நான் ஓட்டறேன் மாஸ்டர்" என்றாளாம். ஓட்டியும் காட்டினாளாம். குவாரிப் பாதையில் பின்பக்கமாகவே, முழு வேகத்தில், ஒரு கல்லும் இடிக்காமல். மாஸ்டர் விசிலடித்தாராம். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு ஆண் விசிலடித்ததை ஒரு தாய் இப்படியா கேள்விப்பட வேண்டும்?

எங்கள் தெருவில் நான் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது அவள் சினிமா கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் என்று. போன வாரம் நெற்றியில் பூசிய ரத்தச் சாயத்தைக் கழுவாமல் வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, கண்ணு! என்னாடி ஆச்சு மண்டையில?" என்று அலறினாள். இவள் சிரித்துக்கொண்டே, "கணக்கு டேலி ஆகல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ரத்தினம்மாள் அன்றிலிருந்து என் மகளுக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். புத்தாண்டு மதியம், "ஃபாதர் மாமா, வண்டிக்கு ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்டாள். நீயும் ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே குவாரிக்கு வந்தாய். மாஸ்டர் ஏற்கெனவே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி முடித்திருந்தார். அது போதும் என்று விட்டிருக்கலாம். நீ புத்தகத்தில் உள்ள ஜெபத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாய். பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்குள் தீர்த்தம் ஊற்றியதால் பிறகு ஒரு மணி நேரம் வண்டி கிளம்பவில்லை. மாலை போட்ட சீனுவின் தலையிலும் தெளித்தாய், அவனும் சரணம் சொல்லி வாங்கிக்கொண்டான். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. கடைசியில் கையை உயர்த்தி, "இந்த வாகனத்தின் சக்கரங்கள் ஒருபோதும் நிலத்தை விட்டு அகலாதிருப்பதாக" என்றாயே, அது புத்தகத்தில் இல்லை, ரெமி. நீ போன பிறகு பங்குக் கோயிலில் அந்தப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். அந்த வாக்கியம் நீயாகச் சேர்த்தது. நீ பால் குடித்தால் அரை டம்ளர், வீட்டுப்பாடம் என்றால் அரைப் பக்கம். உன் வாழ்க்கையில் நீ முழுமையாகச் செய்து முடித்த ஒரே காரியம் இந்த ஆசீர்வாதம்.

கார் கவிழவில்லை.

எப்படிக் கவிழ்க்கிறார்கள் என்று சொன்னால்தான் என் பயம் உனக்குப் புரியும். ரேம்ப் என்று இரும்பில் ஒரு சாய்வு மேடை, ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஏறுகிற அகலத்துக்குச் செய்திருக்கிறார்கள். கார் வேகமாக வந்து இடது சக்கரங்களை அதில் ஏற்றினால், வலது பக்கமாகச் சாய்ந்து உருள வேண்டும். உள்ளே கூண்டும் பெல்ட்டும் விக்குக்கு அடியில் ஹெல்மெட்டும் இருப்பதால் ஓட்டுகிறவர் பத்திரம் என்கிறார்கள். ரேம்ப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குவாரிப் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர், எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. "அதுக்கு எதிர்ல ஏம்ப்பா வைக்கறீங்க, இந்தப் பக்கம் வைக்கலாமே?" என்று நரேஷிடம் கேட்டேன். "பள்ளம் தெரிஞ்சாதான் ஆன்ட்டி, உலகம் முடிஞ்ச ஃபீல் வரும்" என்றான். எனக்கு அந்த ஃபீல் வந்துவிட்டது.

முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் உறுமல், இரும்புச் சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு போல ஏதோ. திறந்து பார்த்தால் கார், வயதானவர்கள் கோயில் பெஞ்சில் மெதுவாக உட்காருவதைப் போல, நான்கு சக்கரத்திலும் உட்கார்ந்திருந்தது. நான் சேசுவுக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யூனிட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை ரேம்ப்பை உயர்த்தினார்கள். கார் இரண்டு சக்கரத்தில் ஒரு பாட்டு நேரம் ஓடி, டீ வைத்திருந்த பந்தலைச் சாய்த்து, கேமராக்காரரை வேப்ப மரத்தில் ஏற்றிவிட்டு, மறுபடி நான்கு சக்கரத்தில் இறங்கியது. நேற்று மூன்றாம் தடவை. ரேம்ப்பில் கிரீஸ் பூசி, இன்னும் வேகமாக வந்தாள். கார் பறந்தது. பறந்தும் கவிழவில்லை. நேராக இறங்கி, இறங்கின வேகத்தில் பள்ளத்தைப் பார்த்து ஓடியது, ரெமி. பிரேக் கத்துகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. தூசி அடங்கியபோது முன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. என் ஜெபமாலை எப்போது கையிலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கீழே குனிந்து தேடுகிற சாக்கில் சிறிது நேரம் குனிந்தே இருந்தேன்.

மாஸ்டர் வெங்கடசாமி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரிய உடம்பு, குரல் மட்டும் குழந்தை போல.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இருபது வருஷத்துல எத்தனையோ வண்டி உருட்டிட்டேன். ஒரு வண்டியும் என்கிட்ட இப்படி அடம் பிடிச்சதில்ல. ஃபாதர் ஏதோ பலமா ஓதிட்டாரு போல. கொஞ்சம் லூஸ் பண்ணச் சொல்லுங்கம்மா."

"ஆசீர்வாதம் என்ன செருப்பு வாரா, லூஸ் பண்றதுக்கு?" என்றேன். ஆனால் என் குரலில் வழக்கமான கண்டிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜூலியாவிடம் சொன்னேன், "போதும்மா. மூணு தடவை ஆண்டவர் சொல்லிட்டார். விட்டுடு." அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"மம்மி, உருள்றது டேஞ்சர் இல்ல. உருளாம போறதுதான் டேஞ்சர். உருண்டா எங்க நிக்கும்னு மாஸ்டருக்குத் தெரியும். உருளலன்னா எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு பாத்தீங்கல்ல?"

"அப்ப விட்டுடு."

"விட்டா சீனு சாமி மலையில இருந்து வந்து ஷேவ் பண்ணிட்டு ஏறுவாரு. அவருக்கு ரெண்டு கொழந்தைங்க. அதே வண்டி, அதே பள்ளம். நான் விட்டுட்டு வந்து உங்ககூட உக்காந்து நவநாள் ஜெபம் சொல்லணுமா?"

தைலம் எரிகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் உன் அத்தானின் மகள். அவரும் இப்படித்தான், வாதாட மாட்டார், வேலையைச் செய்துகொண்டே முடிவைச் சொல்வார்.

நாளைக் காலை நான்காம் தடவை. ரேம்ப் இன்னும் உயரம், வேகம் இன்னும் அதிகம். கவிழாவிட்டால் இந்த முறை விளிம்புக்கு முன்னால் நிற்கக் கூட இடம் இருக்காது. இன்று குழந்தை சேசு கோயிலுக்கு நவநாளுக்குப் போனேன். முழந்தாளிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை, ரெமி. அறுபத்தெட்டு வயதில், பிறந்ததிலிருந்து ஜெபம் செய்கிறவளுக்கு, வார்த்தை வரவில்லை. என் மகளின் கார் கவிழட்டும் என்று ஒரு தாய் எப்படிக் கேட்பது? கேட்டால் பாவமா? கேட்காமல் இருந்தால் பாவமா? "ஆண்டவரே, நாளைக்கு ஒரே ஒரு தடவை, நல்லபடியாக, அவளுக்கு அடிபடாமல் கவிழ்த்துவிடும்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, பையனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். கடிதம் உனக்குத் தாமதமாகக் கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் கிடைத்த உடனே, பிஷப்புக்குத் தெரிய வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாபஸ் வாங்கு. நீயாகச் சேர்த்ததை நீயாக எடுப்பதில் திருச்சபைக்கு ஆட்சேபம் இருக்காது. நாளையும் கவிழாவிட்டால் ஐந்தாம் தடவைக்காவது உதவும். மற்ற வரிகளை, குறிப்பாக "உள்ளே இருப்பவரைக் காத்தருளும்" என்பதை, தொடாதே. நாளை எப்படியும் கார் உருப்படியாகத் திரும்பாது என்பதால், ஷாட்டுக்கு முன்பே பின் சீட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அது ஒன்றாவது வீடு வந்து சேரட்டும்.

உங்கள் திருப்பலியில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கடிதத்தின் முடிவில் உங்கள் குருத்துவ ஆசீரை வேண்டி நிற்பது என் வழக்கம். இம்முறை தயவுசெய்து எதுவும் அனுப்ப வேண்டாம்.

பயத்துடனும் பாசத்துடனும்,
உன் அக்கா,
அல்போன்சா தியோடர்

பி.கு. (வெள்ளி மாலை. நேற்று தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று.) மேலே எழுதிய எதையும் செய்யாதே. காலையில் பின் சீட்டைக் கழற்றினார்கள். அடியில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு பலகை. பலகைக்கு அடியில் ரயில் தண்டவாளத் துண்டுகள், அடுத்தடுத்து வைத்து, போல்ட் போட்டு முடுக்கி, சத்தம் வராமல் இருக்க ஒவ்வொன்றும் பச்சைத் துணியில் சுற்றி. அந்தத் துணி எனக்குத் தெரியும். ஏற்காடு போய் வந்த வாரம் காணாமல் போன என் முன் அறைத் திரைச்சீலை. எலி இழுத்துப் போயிருக்கும் என்றார் உன் அத்தான். (தண்டவாளம் ரயில்வே ஏலத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான், ஆனால் ஆபீஸ் பென்சிலில் கூட வீட்டில் எழுதியதில்லை.) டயரில் காற்று சரியில்லை என்றவர் அவர்தானே. "யம்மா! அடியில இவ்ளோ இரும்ப வச்சுக்கிட்டு வண்டி எப்படிம்மா உருளும்? யாரு போட்டது, எதுக்குப் போட்டது?" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர். நான் பயந்தேன்னு போட்டார்" என்றேன். அவர் தலையிலிருந்து கையை இறக்கி, "எடுத்துடலாமாம்மா?" என்றார். ஜூலியா விக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுங்க. தூக்கிப் போடாதீங்க. மெதுவா வைங்க" என்றேன். இரும்பு போய்விட்டதே, பழைய உயரம் போதும் என்று மாஸ்டர் ரேம்ப்பையும் இறக்கிவைத்தார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. வலது காலால் தரையை மிதித்தபடியே இருந்தேன். ரேம்ப்பில் ஏறியது, சாய்ந்தது, உருண்டது, மறுபடி உருண்டது, தலைகீழாக, பள்ளத்துக்கு வெகு தூரத்தில், சக்கரங்கள் சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. ரெமி, என் மூட்டுவலி உனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் நான்தான் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். குனிந்து பார்த்தால் பெல்ட்டில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு, "மம்மி, எப்படி இருந்துச்சு?" என்கிறாள். "திரும்பறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர் போடல நீ" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காருக்குள் தொங்குகிறவளை விட்டுவிட்டு முதலில் என்னைத் தூக்கினார்கள். ஆகவே உன் ஆசீர்வாதம் அப்படியே இருக்கட்டும். நாம் நினைத்த அளவுக்கு அதில் பலம் ஒன்றும் இல்லை, பெருமைப்படாதே. அடுத்த மாதம் ஜூலியா இதே படத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். அது கவிழக் கூடாத லாரி, மாஸ்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். புத்தகத்தையும் தீர்த்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்து சேர். அந்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல். தண்டவாளத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய திரைச்சீலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். லாரியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன்.